பார்க்கின்சன் மாத்திரை பற்றி போனில் வரும் செய்திகள்: எதை நம்பலாம், எதை டாக்டரிடம் கொண்டுபோகலாம்

வீட்டில் யாருக்காவது பார்க்கின்சன் (கை நடுக்கம், விறைப்பு, நடை தளர்வு வரும் நரம்பு நோய்) என்று டாக்டர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டால், கொஞ்ச நாளிலேயே உங்கள் போனுக்குச் செய்திகள் வரிசை கட்டி வரும். ‘இந்த மாத்திரை ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்யாது’, ‘இதயத்தைக் கெடுத்துவிடும்’, ‘அமெரிக்காவில் எடுத்துவிட்டார்கள், இங்கே மட்டும் விற்கிறார்கள்’. அனுப்புகிறவர்கள் சொந்தக்காரர்கள்தான், அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். அதில் சிலது உண்மை. சிலது வேறு மாத்திரையைப் பற்றியது. சிலது எப்போதோ விசாரித்து முடித்துவிட்ட சங்கதி.

நாங்கள் இருப்பது கடலூரில், அப்பாவுக்கு வைத்தியம் பார்ப்பது புதுச்சேரியில். இந்தச் செய்திகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் தட்டுத்தடுமாறித்தான் ஒரு முறைக்கு வந்தோம். புதிதாக இதற்குள் வருகிறவர்கள் அந்தப் பாடு படவேண்டாம். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றச் சொல்லும் எதுவும் இதில் இல்லை. டாக்டரிடம் சரியான கேள்வியோடு போய் உட்காருவதற்கான வழி மட்டும்தான் இது.

1. என்ன படித்தாலும் மாத்திரையில் கை வைக்காதீர்கள்

இதை முதலில் சொல்லக் காரணம், பல வீடுகளில் செய்தியைப் படித்த அன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பார்க்கின்சனுக்கு முக்கியமாகத் தரும் மருந்தான லெவோடோபா சேர்ந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடம்பு கட்டையாக விறைத்துப் போவது, நினைவு தடுமாறுவது என்று உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம். அரிதுதான், ஆனால் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியதாகிவிடும். பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மற்றப் பார்க்கின்சன் மாத்திரைகளைச் சட்டென்று விட்டாலும் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு என்று படுத்தும். டாக்டரே இந்த மாத்திரைகளை நிறுத்த நினைத்தால் படிப்படியாகத்தான் குறைப்பார்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று புயல்கள் நம் பக்கமாகத்தான் கரை கடந்தன. கரண்ட் இல்லை, கடை இல்லை, பஸ் இல்லை என்று ஆகும்போது மாத்திரை தீர்ந்துபோவதும், செய்தியைப் படித்துவிட்டு நிறுத்துவதும் உடம்புக்கு ஒன்றுதான். ஐப்பசி பிறந்ததும் இரண்டு வார மாத்திரை கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள்.

2. அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து மருந்தின் பெயரை எழுதுங்கள்

முன்பக்கம் இருப்பது கம்பெனி வைத்த பெயர். செய்தியில் பெரும்பாலும் வருவது மருந்தின் பெயர். இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் எந்தச் செய்தியையும் படித்துப் பயனில்லை.

உதாரணமாக சின்டோபா 110 என்றால் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. சின்டோபா பிளஸ் என்றால் 100, 25. சின்டோபா 275 என்றால் 250, 25. பெயருக்குப் பின்னால் ‘சி.ஆர்.’ என்று இருந்தால் மெதுவாகக் கரையும் வகை. அதைச் சாதாரண மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்கவும் கூடாது, பொடித்துக் கொடுக்கவும் கூடாது. இவை தவிர உங்கள் சீட்டில் பிராமிபெக்சோல், ரோபினிரோல், ராசகிலின், அமாண்டடின், டிரைஹெக்சிபெனிடில் (பாசிடேன் என்று வருவது), என்டகபோன் இவற்றில் ஒன்றிரண்டு இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் டாக்டரிடம் போகப்போவதும் இந்தத் தாள்தான்.

‘பார்க்கின்சன் மருந்து இதய வால்வைக் கெடுக்கிறது’ என்ற செய்தி எங்கள் குடும்பக் குழுவிலும் சுற்றியது. அது எர்காட் (ஒரு பூஞ்சையிலிருந்து வந்த மருந்து வகை) வகையைச் சேர்ந்த பெர்கோலைடு என்ற மருந்தைப் பற்றியது. வால்வு தடித்துப்போகிறது என்று தெரிந்து 2007-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். செய்தி பொய் இல்லை. ஆனால் அப்பாவின் சீட்டில் பெர்கோலைடு இல்லை. லெவோடோபா அந்த வகை மருந்தே இல்லை. பிராமிபெக்சோலும் ரோபினிரோலும்கூட அந்த எர்காட் வகையைச் சேர்ந்தவை அல்ல. தாளை எடுத்து ஒப்பிட்டதும் விஷயம் தீர்ந்தது.

‘ஒரு பார்க்கின்சன் மருந்து’ என்று மட்டும் போட்டு, எந்த மருந்து என்று கடைசி வரி வரை சொல்லாத செய்தியை அங்கேயே விட்டுவிடுங்கள். அதற்குச் செலவழிக்க உங்களுக்கு நேரம் கிடையாது.

3. தேதியைப் பாருங்கள், பிறகு ஆட்களை எண்ணுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

லெவோடோபா, கார்பிடோபாவோடு என்டகபோனும் சேர்ந்த ஸ்டாலெவோ என்ற மாத்திரை உண்டு. 2010 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஓர் ஆய்வில் இந்த மாத்திரை சாப்பிட்ட ஆண்களில் 3.7 சதவீதம் பேருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தது, என்டகபோன் இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 0.9 சதவீதம் பேருக்கு. இதைத் தலைப்பாக்கினால் ‘புற்றுநோய் நான்கு மடங்கு’ என்று வரும், கணக்கும் தப்பில்லை. ஆட்களாக எண்ணிப் பாருங்கள்: ஒரு பக்கம் 9 பேர், இன்னொரு பக்கம் 2 பேர். இரண்டு பக்கமும் இருநூற்றுச் சொச்சம் ஆண்கள்தான். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் தற்செயலாகவே ஏற்ற இறக்கம் வரும். எஃப்.டி.ஏ.வும் அப்போது ‘ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்’ என்றுதான் சொன்னது. அதே ஆண்டு இதய ஆபத்து பற்றியும் ஒரு கேள்வி எழுந்தது. 2015-ல் இதய ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை என்றும், 2019-ல் புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்தும் கூடவில்லை என்றும் அதே அமைப்பே அறிவித்தது.

ஆனால் 2010-ன் செய்தி இன்னும் இணையத்தில் இருக்கிறது. தேதியை வெட்டிவிட்டுப் படமாக அனுப்பினால் நேற்று வந்தது போலவே இருக்கும்.

ஆகவே பயமுறுத்தும் செய்தி வந்ததும் மருந்தின் பெயரோடு ‘எஃப்.டி.ஏ. சேஃப்டி ரிவ்யூ’ என்று கூகுளில் ஆங்கிலத்தில் அடித்து, செய்தியின் ஆண்டுக்குப் பிறகு ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. சிலவற்றுக்கு முடிவான பதில் கிடைக்காது. பிராமிபெக்சோலால் இதயச் செயலிழப்பு வரக்கூடும் என்று 2012-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது, மருந்துதான் காரணம் என்று அப்போது அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்டதைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அலறவும் வேண்டாம். நோயாளிக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தாலோ, மூச்சு வாங்கி, கால் வீங்கினாலோ அது உடனே டாக்டரிடம் போகவேண்டிய கேள்வி.

அப்புறம், ஆய்வு யாரிடம் நடந்தது என்று பாருங்கள். எலியிடமா, ஒரே ஒரு நோயாளியிடமா, நூற்றுக்கணக்கானவர்களிடமா? மருந்து சாப்பிடாதவர்களோடோ வேறு மருந்து சாப்பிட்டவர்களோடோ ஒப்பிட்டார்களா? ஒப்பீடு இல்லாமல் ‘இந்த மருந்து சாப்பிட்டவர்களில் இத்தனை பேர் விழுந்தார்கள்’ என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. பார்க்கின்சன் வந்தவர்கள் மருந்து இல்லாமலும் விழுவார்கள்.

செலவு: மருத்துவ ஆய்வுகளைத் தேடிப் பார்க்கும் பப்மெட் தளத்தில் ஆய்வுச் சுருக்கம் இலவசம். பப்மெட் சென்ட்ரலில் பல கட்டுரைகள் முழுசாகவே இலவசம். முழுக் கட்டுரைக்கு முப்பது நாற்பது டாலர் கேட்கும் பக்கம் வந்தால் மூடிவிடுங்கள். சுருக்கமே நமக்குப் போதும்.

4. ‘ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்யாது’

இந்த ஒரு வதந்திக்குத் தனித் தலைப்பே வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, மாத்திரையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நடக்க முடியாமல் கஷ்டப்படுகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். வருஷங்கள் போகப்போக அடுத்த வேளைக்கு முன்னாலேயே மாத்திரையின் வேகம் குறைவதும், உடம்பு தன்னால் நெளிந்து ஆடுவதும் பலருக்கு வருவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பித்ததா?

2014-ல் வெளியான ஓர் ஆய்வு, லெவோடோபா தாமதமாகவே கிடைத்த ஆப்பிரிக்காவின் கானா நாட்டு நோயாளிகளை இத்தாலி நோயாளிகளோடு ஒப்பிட்டது. மருந்தைத் தாமதமாக ஆரம்பித்தும், நோய் தொடங்கி ஏறக்குறைய அதே காலத்தில்தான் கானாக்காரர்களுக்கும் அந்தத் தொல்லைகள் வந்தன. 2019-ல் நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்த ஆய்வில், பாதிப்பேருக்கு முதலிலேயே லெவோடோபா கொடுத்தார்கள், மீதிப்பேருக்கு 40 வாரம் கழித்து. 80 வாரம் முடிந்தபோது இரு பக்கமும் நிலைமை ஒன்றாகவே இருந்தது. அதாவது முன்னால் கொடுத்ததால் நோய் மெதுவாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. எப்போது ஆரம்பிப்பது என்பதை வயது, வேலை, சிரமம் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

5. உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை

பயமுறுத்தும் செய்திகளில் ஒன்று முழுக்க உண்மை, அதைத்தான் குடும்பங்கள் மறைக்கின்றன. பிராமிபெக்சோல், ரோபினிரோல் வகை மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத உந்துதலைக் கொண்டுவரும்: சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, ராத்திரியில் எழுந்து தின்பது, பாலுணர்வு மிகுவது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளைப் பார்த்த 2010-ம் ஆண்டு ஆய்வில், இந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேரிடம் இப்படி ஏதாவது ஒன்று இருந்தது. எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். ஏறக்குறைய ஆறில் ஒருவர் என்பது சின்ன விஷயம் இல்லை.

பெரியவர் திடீரென்று போனில் ரம்மி ஆடிப் பணத்தை விட்டால் ‘இந்த வயசில் புத்தி கெட்டுப்போச்சே’ என்று திட்டாதீர்கள். அவர் குணம் மாறவில்லை, மாத்திரையைப் பார்க்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் டாக்டருக்குத் தெரிய வழியே இல்லை. அடுத்த முறைவரை காத்திராமல் அந்த வாரமே சொல்லுங்கள். இதே மாத்திரைகளால் சட்டென்று தூக்கம் சொக்குவதும் உண்டு; அப்படி ஒருமுறை நடந்தாலும் டாக்டரைப் பார்க்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

இன்னொன்று எந்தச் செய்தியிலும் வராது, ஆனால் தெருமுனைக் கிளினிக்கில் நடக்கும். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு (பெரினார்ம்), புரோகுளோர்பெரசின் (ஸ்டெமெடில்) இரண்டும் பார்க்கின்சனை மோசமாக்கும். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஃபுளுனரிசினும் அப்படியே. இந்த நான்கு பெயரையும் ஓர் அட்டையில் எழுதி, ‘பார்க்கின்சன் நோயாளி, இவை வேண்டாம்’ என்று சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். கம்பவுண்டர் ஊசியை எடுக்கும்போது நீட்ட அது போதும்.

பார்த்ததும் பதறவைத்து, ஒன்றுமில்லாமல் போவதும் உண்டு. என்டகபோன் ஆரம்பித்த பிறகு அப்பாவின் வெள்ளை வேட்டியில் செம்பழுப்பாகக் கறை இருந்தது. துவைக்கப் போட்ட அம்மா ரத்தம் என்றே நினைத்துவிட்டார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் சிறுநீர் நிறம் மாறும், தீங்கில்லை என்று அச்சடித்தே இருக்கிறது. அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ‘மிகச் சாதாரணம்’ என்றால் பத்தில் ஒருவருக்கு மேல், ‘சாதாரணம்’ என்றால் நூறில் ஒருவர் முதல் பத்துவரை, ‘அரிது’ என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்று ஐரோப்பியத் தாள்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நீளமான பட்டியலைப் பார்த்து மிரளாமல் இந்தக் கணக்கோடு படியுங்கள்.

6. ‘பக்கவிளைவே இல்லாத இயற்கை மருந்து’

பூனைக்காலி விதைப் பொடியைத்தான் இப்படி விற்கிறார்கள். அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான். ஆகவே வேலை செய்யும். அதனாலேயே வாந்தி, இரத்த அழுத்தம் இறங்குவது, உடம்பு நெளிவது, மாயத்தோற்றம் எல்லாமும் வரலாம். ஒரு கரண்டியில் எவ்வளவு லெவோடோபா என்று டப்பாவில் இருக்காது. மாத்திரையோடு இதையும் சேர்த்தால் ஒரே மருந்தை இரண்டு பங்கு கொடுக்கிறீர்கள். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

7. மருந்தா, நோயா: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

மலச்சிக்கல், தூக்கக் கோளாறு, எழுந்து நின்றதும் தலைசுற்றுவது இவையெல்லாம் நோயாலும் வரும், மருந்தாலும் வரும். நினைவை நம்பிச் சொன்னால் டாக்டராலும் பிரிக்க முடியாது. ஒரு நோட்டில் மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், நன்றாக நடந்த நேரம், தொல்லை வந்த நேரம் இவற்றை மட்டும் எழுதுங்கள். பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம் லெவோடோபா உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்று நினைத்த பல நாட்களில் காரணம் சாப்பாட்டு நேரமாக இருக்கும். அது நோட்டில்தான் தெரியும்.

இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்கு, கையில் கட்டிப் பார்க்கும் பி.பி. மெஷின் கிடைக்கும். ஐந்து நிமிஷம் படுக்க வைத்து ஒருமுறை, நின்ற ஒரு நிமிஷத்தில் ஒருமுறை, மூன்று நிமிஷத்தில் ஒருமுறை. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதைச் சிவப்பு மையில் குறியுங்கள். நிற்க வைக்கும்போது பக்கத்திலேயே இருங்கள், விழுந்துவிடுவார்.

8. டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியவை

ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரி என்றால் நரம்பியல் ஓ.பி. எந்தக் கிழமை என்று முன்னாலேயே விசாரித்துக்கொண்டு காலையிலேயே போய்ச் சீட்டுப் பதியுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் பஸ் நிலையத்திலிருந்து ஜிப்மர் இருக்கும் கோரிமேடு போகவும் நேரம் ஆகும். நடுவில் வரும் வேளை மாத்திரையையும் தண்ணீரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது வேளை தவறினால் டாக்டர் பார்ப்பது வேறு ஆளையாக இருக்கும்.

பைக்குள் இருக்கவேண்டியவை: மருந்துத் தாள், நோட்டு, பழைய சீட்டுகள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. செய்தியை போனில் காட்டாதீர்கள். டாக்டருக்கு அதைப் படிக்க நேரம் இருக்காது. ஒரே கேள்வியாக எழுதிக்கொண்டு போங்கள். ‘பிராமிபெக்சோல் ஆரம்பித்த பிறகு கால் வீங்குகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, இதயத்தைப் பார்க்க வேண்டுமா?’ என்று கேட்டால் நேராகப் பதில் வரும். ‘இந்த மாத்திரை கெடுதலாமே?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள்’ என்றுதான் வரும்.

காத்திருக்கவே கூடாதவை: காய்ச்சலோடு உடம்பு விறைப்பது, மயங்கி விழுவது, திடீரென்று இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுவது, மாத்திரையை விழுங்கவே முடியாமல் போவது. 108-ஐக் கூப்பிடுங்கள், மருந்துத் தாளையும் கொடுத்தனுப்புங்கள்.

9. பக்கவிளைவை நீங்களே பதிவு செய்யலாம்

மருந்துப் பக்கவிளைவுகளைத் தொகுக்க இந்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. கட்டணமில்லாத எண் 1800-180-3024, வேலை நாட்களில் அலுவலக நேரத்தில் கூப்பிடுங்கள். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. ஜிப்மரிலும் இந்தத் திட்டத்தின் மையம் இருக்கிறது. மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும்.

படிவத்தில் மருந்தின் பெயர், அளவு, ஆரம்பித்த தேதி, தொல்லை வந்த தேதி இவற்றோடு காலாவதித் தேதியும் கேட்பார்கள். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டிக் கொடுத்தால் அந்தத் தேதி இருக்கும் முனை கடையிலேயே நின்றுவிடும். முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் அந்த முனையைக் கடையிலேயே போனில் படம் எடுத்து, பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.